வாளும் வடுவும்



போர்களைப் பற்றிய வரலாறு பெரும்பாலும் யார் வென்றார், யார் தோற்றார் என்னும் கணக்கோடு முடிந்துவிடுகிறது. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அக்கணக்கு அன்று. வாளும் வேலும் கம்பும் ஏந்தி, ஒருவன் மூச்சு மற்றொருவன் மேல் படும் அளவு நெருங்கி நின்று செய்த போரை, அதனைக் காணாத பிற்காலத்தவர்க்கு உணர்த்துவதற்கு மக்கள் என்னென்ன வழிகளைக் கண்டனர் என்பதே என் பொருள். கல்லிலும் பாட்டிலும் தொடங்கிய அவ்வழி, நாடக மேடையையும் திரைப்படத்தையும் கடந்து, இன்று நீங்கள் ஆடும் கணினி விளையாட்டு வரையில் வந்து நிற்கிறது.

இப்பொருளை என் மனத்தில் எழுப்பியவன் என் பேரன். அவன் ஆடும் விளையாட்டு, ஒரு வீரனின் வேடத்தை ஏற்று மாயஉலகம் ஒன்றில் உலவுவது. ஒருநாள் அவன் ஆடுவதை அருகிருந்து பார்த்தேன். திரையில் அவனுடைய வீரன் பெரியதொரு வாளை வீசினான். எதிரே நின்ற பூதத்தின் உடலுக்குள் வாள் புகுந்து வெளியே வந்தது. பூதமோ அசையவே இல்லை. அதன் தலைக்கு மேல் ஓர் எண் தோன்றி மறைந்தது. இவ்வாறு முப்பது நாற்பது முறை நிகழ்ந்த பின்னர், பூதம் திடீரென விழுந்தது. பேரன் கொட்டாவி விட்டான். “தாத்தா, வாள் நல்லாத்தான் இருக்கு, ஆனா வெட்டுற மாதிரியே இல்லை” என்றான். அந்தச் சொல் என்னைப் பல ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு மாலைப்பொழுதுக்கு அழைத்துச் சென்றது.

அக்காலத்தில் நான் பாவூர்சத்திரத்திற்கு அண்மையில் ஒரு பள்ளியில் ஆசிரியனாக இருந்தேன். ஆண்டுவிழாவில் பூலித்தேவர் நாடகம் நடிப்பதென்று முடிவாயிற்று. பூலித்தேவர் ஆண்ட நெற்கட்டுஞ்செவல் எங்கள் பகுதியைச் சார்ந்த ஊர். 1755-ஆம் ஆண்டில் கர்னல் ஹெரான் தலைமையில் வந்த கம்பெனிப் படை, அவ்வூர்க் கோட்டையைக் கைப்பற்ற இயலாமல் திரும்பிச் சென்றது. அந்த வரலாற்றைப் பிள்ளைகள் நடித்தால் ஊரார் உள்ளம் உருகும் என்று நான் நம்பினேன். அட்டையில் வாள் செய்து வெள்ளித்தாள் ஒட்டினோம். பூலித்தேவராக நடித்த மாணவனுக்கு வாள் சுழற்றும் வகையைப் பத்து நாள் பயிற்றினேன். ஆயினும் ஒத்திகையைக் காண வந்தவர்கள் போர்க் காட்சியில் சிரித்துவிட்டார்கள்.

அங்கே நின்றிருந்த ஒரு முதியவர், கம்பு கற்றுக்கொடுக்கும் ஆசான், என்னிடம் வந்து மெல்லச் சொன்னார்: “ஐயா, அடிக்கிற பயலை விட்டுருங்க. விழுற பயலை எங்கிட்ட ரெண்டு நாள் விடுங்க.” வெள்ளையர் படைவீரனாக நடித்த சிறுவனை அவர் அழைத்துச் சென்றார். வாள் வருமுன் கண்ணைச் சற்று விரிக்கவும், பின்காலில் உடற்பாரத்தை ஏற்றவும், அடி பட்டதும் ஒரு கணம் அப்படியே நிற்கவும், பிறகு முழங்கால் முதலில் மடிய விழவும் அவனைப் பழக்கினார். விழா நாளன்று அதே அட்டை வாள்தான், அதே வீச்சுத்தான். ஆனால் முன்வரிசையிலிருந்த கிழவி ஒருத்தி, “ஏலே, புள்ளைக்கு அடிபட்டிட்டு!” என்று எழுந்துவிட்டாள். அரங்கில் சிரிப்பொலி இல்லை.

கைகலந்த போர் அடிப்பவன் கையில் மெய்யாவதில்லை; அடி வாங்குபவன் உடலில்தான் மெய்யாகிறது. அந்த முதியவரிடம் நான் கற்ற இந்தப் பாடத்தை மனத்திற் கொண்டு நம் வரலாற்றைத் திரும்பிப் பார்த்தேன். நம் முன்னோர் இதனை மிக நன்றாக அறிந்திருந்தனர் என்பது அப்போது விளங்கிற்று.

பழந்தமிழர் போரை வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை என்று திணை வகுத்துப் பேசினர். அவற்றுள் தும்பை என்பது இருபடைகளும் எதிர்நின்று பொருதல். போரில் ஒரு வீரனின் தகுதியை அளக்க அவர்கள் கண்ட அளவுகோல், அவன் எத்தனை பேரைக் கொன்றான் என்பது மட்டும் அன்று. அவன் உடலில் புண் எங்கே பட்டது என்பதுமாகும். முகத்திலும் மார்பிலும் பட்டது விழுப்புண். முதுகில் பட்டது புறப்புண். வெண்ணிப் போரில் கரிகாற்சோழன் எறிந்த வேல் சேரமான் பெருஞ்சேரலாதனின் மார்பை ஊடுருவி முதுகிலும் புண்ணை உண்டாக்கிற்று. புறங்காட்டி ஓடியவன் அல்லன் அவன். ஆயினும் முதுகில் நேர்ந்த அப்புண்ணுக்கு நாணி, வடக்கிருந்து உயிர் விட்டான். வெண்ணிக் குயத்தியார் என்னும் பெண்பாற் புலவர், வென்ற கரிகாலனை நோக்கியே பாடினார். அவ்வாறு பாடும்போதும், புண்ணுக்கு நாணி இறந்தவனே அவனினும் நல்லவன் அல்லனோ என்னும் கருத்தைத் துணிந்து வைத்தார். புறநானூற்றில் அப்பாட்டு இன்றும் உள்ளது. வென்றவனின் வேலைவிடத் தோற்றவனின் வடு அங்கே நம்மைத் தொடுகிறது.

நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். ஆநிரை மீட்கும் போரிலும் பிற போர்களிலும் இறந்த வீரர்க்கு ஊரார் நட்ட கற்கள் அவை. செங்கம் பகுதியில் அத்தகைய கற்கள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. அவற்றைச் செதுக்கிய சிற்பி பெரும்புலமை வாய்ந்தவன் என்று சொல்ல முடியாது. ஆயினும் வில்லும் வாளும் ஏந்திய வீரனின் உடலில் அம்புகள் தைத்திருப்பதை அவன் மறவாமல் காட்டுகிறான். அந்த அம்புகள் இல்லையாயின் அது வெறும் ஓர் ஆளுருவம். அம்புகள் தைத்தவுடன் அங்கே ஒரு போர் நிகழ்ந்துவிடுகிறது.

கைதேர்ந்த சிற்பியோ மற்றொரு வழியைக் கையாண்டான். தென்காசிக் காசிவிசுவநாதர் கோயில், பராக்கிரம பாண்டியன் 15-ஆம் நூற்றாண்டில் எடுப்பித்தது. அங்கே தூண்களில் ஆளுயரத்திற்கும் மேலாக எழுந்து நிற்கும் வீரபத்திரர் உருவங்களின் முன் சிறிது நேரம் நின்று பாருங்கள். ஓங்கிய கை இன்னும் இறங்கவில்லை. உடலின் பாரம் முழுவதும் ஊன்றிய காலில் இருக்கிறது. நாம் அறியாமலே ஓரடி பின்வாங்கத் தோன்றுகிறது. அடி வாங்கும் உடல் அந்தத் தூணில் இல்லை. எதிரே நிற்கும் நம்முடைய உடலே அங்கு அடியை எதிர்பார்க்கிறது. அடி விழுவதற்கு முன் உள்ள அந்தக் கணத்தைச் சிற்பி கல்லில் நிறுத்திவிட்டான்.

பாட்டில் வல்லவர் ஓசையால் அதனைச் செய்தனர். முதற் குலோத்துங்கசோழன் காலத்தில், 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தின் மேற் படையெடுத்து வென்றான். அவ்வெற்றியைச் செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியாகப் பாடினார். படை நடக்கும்போது ஒரு சந்தம். படைகள் மோதும்போது வேறு சந்தம். பொருள் விளங்காத சிறுவனும் அதனை உரக்கப் படித்தால், இரும்பும் இரும்பும் மோதும் ஓசை அவன் நாவிலேயே பிறக்கும். இதனினும் வியப்பானது ஒன்று உண்டு. அப்போரைக் காளிக்கு எடுத்துரைப்பவன் அரசனுமல்லன், படைத்தலைவனுமல்லன். களத்திலிருந்து வந்த ஒரு பேய். போர் முடிந்த களத்தில் பேய்கள் கூழ் அடும் காட்சி நீண்டு செல்கிறது. வாள் வீசிய கணத்தோடு நூல் நின்றுவிடவில்லை. வீழ்ந்தவர்களின் உடல்களுக்கிடையே நம்மை நெடுநேரம் நிறுத்தி வைக்கிறது.

இனி, எங்கள் நெல்லைச் சீமையில் நிகழ்ந்த உண்மைப் போர் ஒன்றுக்கு வருவோம். வீரபாண்டியக் கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை இடிக்கப்பட்டது. 1801 பிப்ரவரியில் அவன் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, சில நாட்களுக்குள் அம்மண்கோட்டையை மீண்டும் எழுப்பினான். மார்ச் 31-ஆம் நாள் மேஜர் மெக்காலே நடத்திய தாக்குதல் பேரிழப்போடு முறியடிக்கப்பட்டது. பீரங்கி சுவரைப் பிளந்தது. பிளவு வரை வீரர்கள் ஏறினர். ஆனால் உள்ளே இறங்க இயலவில்லை. இதன் காரணம் மே 24-ஆம் நாள் கர்னல் அக்னியூவின் பெரும்படை கோட்டையைப் பிடித்த பின்னரே வெளிப்பட்டது. கொத்தளங்களின் உட்புறம் குழிவாக அமைக்கப்பட்டிருந்தது. கீழே மறைந்து நின்றவர்கள், மிக நீண்ட ஈட்டிகளால், மேலே தலை காட்டியவர்களைக் குத்தி வீழ்த்தினர். துப்பாக்கிக் குண்டு அவர்களை எட்டவில்லை. அவர்களுடைய ஈட்டியோ பகைவரை எட்டிற்று. படைக்கலத்தின் நீளம், நிற்கும் இடம், காலம் என்னும் மூன்றையும் அளந்தறிந்த போர்முறை அது.

அப்போரில் கலந்துகொண்ட ஆங்கிலப் படையதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், தம் நினைவுகளை எழுதி 1830-இல் வெளியிட்டார். மருது சகோதரருள் இளையவரான சின்னமருது, நட்பாக இருந்த நாளில், தமக்கு வேல் எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் என்பதை அவர் அதில் மறைக்காமல் குறிப்பிட்டார். அதே மனிதர் பின்னர் வேட்டைவிலங்கு போலத் துரத்தப்பட்டு, தொடையெலும்பு முறிந்து, சிறைப்பட்டு, தூக்கிலிடப்பட்டதையும் வருத்தத்தோடு எழுதினார். எத்தனையோ வெற்றிச் செய்திகள் மறந்துபோயின. கற்பித்தவரின் முறிந்த காலைக் கண்டு மாற்றான் எழுதிய அவ்வரிகள் மறக்கப்படவில்லை.

1801 டிசம்பர் 1-இல் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் விடுத்த அறிக்கையின்படி, பாளையக்காரரும் குடிகளும் படைக்கலங்களை ஒப்படைக்க வேண்டியதாயிற்று. கோட்டைகள் தரைமட்டமாயின. வேலும் வாளும் வளரியும் ஊர்களிலிருந்து மறைந்தன. ஆனால் உழவன் கையிலுள்ள கோலைப் படைக்கலம் என்று பிரித்தறிவது எளிதன்று. கம்பு நிலைத்தது, அதனோடு சிலம்பமும் நிலைத்தது. பாட்டும் நிலைத்தது. கட்டபொம்மன் கதையும் ஐவர் ராசாக்கள் கதையும் மக்கள் வாயில் வாழ்ந்தன. பேராசிரியர் நா. வானமாமலை போன்றோர் பிற்காலத்தில் அத்தகைய கதைப்பாடல்களைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்தனர். எங்கள் பகுதிக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டுக் கேட்டவர்கள் அறிவார்கள்: வீரன் வெட்டுண்டு விழும் இடத்தில் வீசுகோல் வில்லின் மேல் ஓங்கி விழும்; உடுக்கும் குடமும் ஒருசேர அதிர்ந்து, சட்டென்று நின்றுவிடும். அந்த ஒரு கண அமைதியில்தான் அடி நம்மேல் விழுகிறது.

சிலம்பக் களத்திலும் இதே உண்மையைக் காணலாம். அலங்காரமாகக் கம்பு சுற்றுவது ஒன்று. எதிராளியோடு பொருதுவது வேறொன்று. முன்னதைக் கண்டு கைதட்டுகிறோம். பின்னதைக் காணும்போது கைதட்ட மறந்துவிடுகிறோம். பொருதும்போது கம்பு எவ்வளவு விரைவாகச் சுழன்றது என்பதற்கு மதிப்பில்லை. அதன் நுனி எதிராளியின் உடலைத் தொட்டதா என்பதே கேள்வி. ஆகையால் ஆசான் முதலில் கற்பிப்பது கை வீச்சு அன்று, காலடி. எட்டும் தொலைவு எது, எட்டாத தொலைவு எது என்பதைக் கால் அறிய வேண்டும். வீசிய கம்பு திரும்பி வருவதற்குள் நம் விலாப்பக்கம் திறந்திருக்கும் என்பதை உடல் அறிய வேண்டும். தவறிய வீச்சுக்கு ஒரு விலை உண்டு. அவ்விலை இருப்பதனாலேயே ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு மதிப்பு உண்டாகிறது.

நாடகக் குழுக்களிலும் வாட்போர்க் காட்சி ஒரு பெரிய ஈர்ப்பாக விளங்கிற்று. சிறுவயதில் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்து நடிப்புப் பயின்ற எம்.ஜி.ஆர்., பின்னாளில் ‘மதுரை வீரன்’ (1956), ‘நாடோடி மன்னன்’ (1958) முதலிய படங்களில் வாளேந்தி மக்கள் மனத்தைக் கவர்ந்தார். அப்படங்களை மீண்டும் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். எதிர்நின்று சண்டையிட்டவர்கள் தக்க கணத்தில் தடுத்து, தடுமாறி, விழத் தெரிந்தவர்கள். அவ்வாறு விழுந்தவர்களுள் பலருடைய பெயர் நமக்குத் தெரியாது. கதாநாயகனின் வாளுக்குக் கூர்மை தந்தவர்கள் அவர்களே.

இத்திரைப்பட வாட்போரிலிருந்து கணினி விளையாட்டுக்கு நேராக ஒரு பாலம் உண்டு. 1938-இல் அமெரிக்காவில் வெளிவந்த ராபின் ஹூட் படத்தில் எர்ரால் ஃபிளினும் பேசில் ராத்போனும் செய்த வாட்போர் புகழ்பெற்றது. 1989-இல் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ என்னும் விளையாட்டை ஆக்கிய ஜோர்டான் மெக்னர், அக்காட்சியின் சில விநாடிகளைப் படம் படமாக எடுத்து, அவற்றின்மேல் வரைந்து தம் வீரர்களின் அசைவுகளை அமைத்தார். மனித உடல் உண்மையில் அசைந்த வகையை அவர் பின்பற்றியதனால், அந்தச் சிறிய உருவங்களின் சண்டை உயிருடன் விளங்கிற்று.

வேடம் ஏற்று ஆடும் விளையாட்டுகளின் பிறப்பு வேறு வகையானது. 19-ஆம் நூற்றாண்டில் பிரஷ்யப் படையதிகாரிகள், வரைபடத்தின்மேல் கட்டைகளை நகர்த்தி, பகடை உருட்டிப் போர்ப்பயிற்சி செய்தனர். அத்தகைய போர் விளையாட்டுகளின் வழியில், 1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டை வெளியிட்டனர். அதில் வாள் பட்டதா இல்லையா என்பதைப் பகடை முடிவு செய்யும். மேசையைச் சுற்றி அமர்ந்தவர்களுள் ஒருவர் அந்த அடியைச் சொல்லால் விவரிப்பார். கேட்பவர் மனத்தில் போர் நிகழும். நம் கதைசொல்லியின் தொழிலும் அதுதானே!

அப்பகடை கணினிக்குள் சென்றபோது இடர் நேர்ந்தது. 2002-இல் வந்த ‘மாரோவிண்ட்’ என்னும் விளையாட்டில், வாள் எதிரியின் உடலில் படுவதை ஆடுபவன் கண்ணால் காண்பான். ஆனால் உள்ளே உருண்ட மறைவான பகடை, “படவில்லை” என்று தீர்ப்புக் கூறும். கண் ஒன்று சொல்ல, கணக்கு வேறொன்று சொன்னால் நம்பிக்கை எங்கிருந்து வரும்? 2006-இல் அதனை அடுத்து வந்த ‘ஆப்லிவியன்’ விளையாட்டில் அம்முறை கைவிடப்பட்டது.

பின்வந்தவர்கள் சிலம்ப ஆசானின் பாடங்களை ஒவ்வொன்றாகத் தாமே கண்டனர் என்று சொல்லலாம். துருக்கியர் ஆக்கிய ‘மவுண்ட் அண்ட் பிளேட்’ (2008), மேல், கீழ், இடம், வலம் என்று வீச்சுக்கும் தடுப்புக்கும் திசை வகுத்தது. எதிராளியின் தோளைப் பார்த்தே தடுக்க வேண்டும். ஜப்பானியரின் ‘டார்க் சோல்ஸ்’ (2011), ஓங்கிய வாளை இடையில் மீட்க இயலாதபடி செய்து, மூச்சு வாங்கும் களைப்பையும் சேர்த்தது. தவறிய வீச்சுக்கு விலை வந்தது. செக் நாட்டார் ஆக்கிய ‘கிங்டம் கம்: டெலிவரன்ஸ்’ (2018), 1403-ஆம் ஆண்டுப் பொஹீமியாவை நிலைக்களமாகக் கொண்டு, ஐரோப்பியரின் பழைய வாட்பயிற்சி முறைகளைத் துணைக்கொண்டது. சண்டை விளையாட்டுகளில், அடி பட்ட நொடியில் இருவர் உருவமும் கண்ணிமைக்கும் நேரம் உறைந்து நிற்கும்படி செய்கின்றனர். எங்கள் முதியவர், “அடி பட்டதும் ஒரு கணம் நில்” என்று சிறுவனுக்குச் சொன்னதும், வில்லுப்பாட்டில் தாளம் சட்டென்று நிற்பதும் இதுதான் அன்றோ!

ஆகவே, கைகலந்த போரை உணரச் செய்ய விரும்புபவர், வாளைப் பெரிதாக்குவதாலோ, குருதியை மிகுதியாகத் தெளிப்பதாலோ பயன் பெறார். எதிரே நிற்பவனுக்கு எடை வேண்டும், கண் வேண்டும், அச்சம் வேண்டும், அடி பட்டால் அதன் வடு அடுத்த கணத்திலும் அவனிடம் இருக்க வேண்டும். நாற்பது முறை வெட்டியும் அசையாத பூதத்தை எவரும் நம்பமாட்டார். ஒரே வெட்டில் மறைந்துபோகும் பூதத்தையும் நம்பமாட்டார்.

இது விளையாட்டைப் பற்றிய செய்தி மட்டும் அன்று. அடி வாங்குபவனைக் காட்டாத கலை, போரை எளிய செயலாக்கிவிடுகிறது. எண் ஒன்று தோன்றி மறைவதற்கும், ஒரு மனிதன் முழங்கால் மடிந்து விழுவதற்கும் உள்ள வேறுபாட்டை மறந்த சமுதாயம், உண்மைப் போர் வரும்போதும் எண்ணிக்கையை மட்டுமே பார்க்கும். வெண்ணிக் குயத்தியார் வென்ற மன்னனின் முன் நின்று, தோற்றவனின் புண்ணை நினைவூட்டினாரே, அந்த நெஞ்சம் நமக்கு வேண்டும்.

என் பேரனை ஒருநாள் விடியற்காலையில் எங்கள் ஊர்ச் சிலம்பக் களத்திற்கு அழைத்துச் சென்றேன். அரைமணி நேரத்தில் விரற்கணுவில் ஒரு வீக்கத்தோடு வந்தான். எண்ணெய் தடவிக்கொண்டே, “தாத்தா, நான் அடிக்கிறதுக்கு முன்னாலேயே அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு, எப்படி?” என்று கேட்டான். “உன் காலைப் பார்த்திருப்பான்” என்றேன். மறுநாள் அவனே என்னை எழுப்பினான்.

உங்களுள் சிலர் கணினிக் கலை பயின்று, இத்தகைய விளையாட்டுகளை ஆக்கப் போகிறவர்கள். ஐரோப்பியரின் வாள் திரையில் இடம் பெற்றுவிட்டது. பாஞ்சாலங்குறிச்சியின் நீண்ட ஈட்டியும், சிவகங்கையின் வளரியும், நம் கம்பும் உங்கள் கைகளை எதிர்நோக்கி இருக்கின்றன. அவற்றைத் திரைக்குக் கொண்டு செல்லுமுன், உங்கள் ஊர்க் களத்திற்கு ஒருமுறை சென்று வாருங்கள். அடிப்பவனை எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் அடி வாங்குபவனைப் பாருங்கள்.